குழாயின் வாய்க்கு ஒரு மூடி

கல்முனைக் கரையில் வளர்ந்தவன் அறையைச் சூடாக்கும் கருவியைப் பற்றி எழுதப் புகுந்தமை நகைப்புக்கு இடமாகலாம். மார்கழி வாடைக்கும் ஒரு போர்வை போதுமான ஊர் எங்களுடையது. ஆயினும் சென்ற ஆண்டின் குளிர்காலத்தில், லண்டனில் வாழும் என் காக்கா தம் மாடிவீட்டுச் சுவருக்கு வர்ணம் பூச விழைந்தார். மதினியும் குழந்தையும் வந்து சேர இரண்டு கிழமைகளே இருந்தன. சுவரை மறைத்து நின்ற ரேடியேட்டரைக் கழற்றாமல் காரியம் நடவாது. கழற்றும்போது வால்வு ஒழுகினால் கீழ்வீட்டு முதியவரின் கூரை ஊறிப்போகும். வீட்டுக்குக் கட்டிய முற்பணமும் அதனோடு போகும். கூலிக்கு ஆள் பிடிக்க அவரிடம் வசதியில்லை. வாப்பாவை அழைத்தார்.

வாப்பா குழாய் வேலை செய்பவர். ‘குழாய்க்காரன் மகன்’ என்று பள்ளிக்கூடத்தில் அழைக்கப்பட்டதைப் பொறாத காக்கா, அவருடைய ஸ்பேனர் பையை ஒருநாளும் தூக்கியதில்லை. ரேடியேட்டர் என்றால் லொறிக்கு முன்னால் இருப்பது என்றே வாப்பா அறிவார். கைத்தொலைபேசியில் வந்த படங்களை நெடுநேரம் நோக்கிவிட்டு, “இதுவும் பள்ளிவாசல் ஹவுழ் மாதிரித்தான். தண்ணி வாறதுக்கு ஒரு வழி, போறதுக்கு ஒரு வழி. ரெண்டையும் அடைக்கணும்” என்றார்.

நீரை மறிக்கும் அறிவு எம்மவர்க்குப் புதிதன்று. மடை, மதகு, தூம்பு, கலிங்கு என அதற்கென்றே தமிழில் எத்தனை சொற்கள்! கல்லோயாத் திட்டத்தின் நீரை வயலுக்குப் பங்கிடும் வட்டவிதானையைக் கேட்டால், மடைப்பலகையின் அடியில் ஒரு சுள்ளி சிக்கினாலும் நீர் நில்லாது என்பார். வால்வின் கதையும் அதுவே. கேற் வால்வின் உள்ளே ஆப்புப் போன்ற பித்தளைத் தகடு இறங்கி நீரை மறிக்கிறது. அது அமரும் பள்ளத்தில் மணலோ துருவோ படிந்திருந்தால் எவ்வளவு முறுக்கினும் கசிவு நில்லாது. தண்டு முறிவதே மிச்சம். ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்த வால்வைத் திருப்பினாலோ, தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு நெகிழ்ந்து மேற்புறமாகவும் ஒழுகும். அப்போது அடைப்பின் மேலுள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் போதும். 2004 டிசம்பர் 26 இல் கடல் புகுந்து கிணறுகளை உவர்ப்பாக்கிய பின்னர், குழாய்நீரின் அருமை எங்கள் கரைக்கு நன்கு விளங்கிற்று. உப்புக்காற்றில் வால்வுகள் நெடுங்காலம் இளகிக் கிடப்பதுமில்லை. ஆதலால் வாப்பா எந்த வால்வையும் முழுதாக நம்பார். மூடியபின் நீரை வடித்துப் பார்ப்பார். வடிதல் அடங்கினாலன்றிக் குழாயைக் கழற்றார். கழற்றிய வாயை வெறுமனே விடவும் மாட்டார். மூடியொன்றைத் திருகியே வைப்பார்.

காக்கா படித்துச் சொன்னவாறு, அக்கருவியின் இரு முனையிலும் இரு வால்வுகள் உண்டு. ஒன்று அறையின் வெப்பத்துக்கேற்பத் தானே இயங்குவது. மற்றது நீரோட்டத்தை அளவாக்கித் தொப்பி கவிழ்த்து வைத்திருப்பது. பின்னதை மூடும்போது எத்தனை சுற்று என எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். மீளவும் அதே அளவு திறவாவிடின் ஏனைய அறைகளின் சூடு குலையும். முன்னதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. அதன் தலைக்குள் இருக்கும் மெழுகோ திரவமோ குளிரில் சுருங்கும். சுருங்கினால் வால்வு திறக்கும். இரவில் மூடியிருந்தது, அறை மிகக் குளிர்ந்தால் விடியுமுன் தானே திறந்துகொள்ளலாம். இதைக் கேட்டதும் வாப்பா, “அப்ப அதுட வாய்க்குக் கட்டாயம் மூடி போடு மகன்” என்றார். அந்நாட்டுக் கைந்நூல்கள் கூறுவதும் அதுவேயாம்.

இன்னொன்றையும் அவர் வற்புறுத்தினார். “ரெண்டு ஸ்பேனர் எடு. ஒண்டு வால்வைப் பிடிக்கட்டும், மற்றது நட்டைத் திருப்பட்டும்.” இல்லாவிடின் வால்வும் கூடவே திரும்பி, கீழுள்ள செப்புக்குழாயின் பொருத்து நெகிழ்ந்துவிடும். காக்கா அகன்ற தட்டொன்றை அடியில் வைத்து, நட்டைச் சற்றே இளக்கி, மேலுள்ள காற்றுத் துவாரத்தைத் திறந்தார். மசிபோன்ற கரிய நீர் இறங்கிற்று. இரும்பு உள்ளே அரித்ததன் கசடு அது. நீர் ஓயாது வருமாயின் வால்வு பிடிக்கவில்லை என்று பொருள். உடனே நட்டைத் திரும்ப இறுக்கிவிடலாம். சற்றே இளக்குவது அதன்பொருட்டே. நல்லவேளையாக நீர் நின்றது. இரு வாய்களுக்கும் மூடி ஏறின.

பத்தாம் நாள் மீளப் பூட்டும்போது காக்கா கைத்தொலைபேசியைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஆயினும் அழைப்பைத் துண்டிக்க இருவருக்கும் மனமில்லைப் போலும். வால்வைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திறக்கச் சொன்னார் வாப்பா. நட்டைச் சுற்றித் தாளால் ஒற்றிக் காட்டச் சொன்னார். தாள் காய்ந்திருந்தது. பின்னர், அந்த மூடி அங்கே என்ன விலை என்று கேட்டார்.