எல்லை தாண்டும் பேருந்து

ஜேர்மனியின் ஆஹன் நகரில் பேருந்து ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் இறங்கலாம். என் மகள் அங்கே படிக்கிறாள், வீட்டிலிருந்தே போய்வருகிறாள். நாட்டு எல்லை எந்த இடத்தில் கடந்து போகிறது என்று அவள் கைபேசியிலிருந்து தலை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. நான் 1984இல் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் அகதியாக வந்தவன். பிறகு இந்த மாநிலத்து அகதிகள் ஹைமில், அதாவது விடுதியில், இருந்த நாட்களில், அனுமதிக் கடிதம் இல்லாமல் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. பக்கத்து மாவட்டத்தில் இருந்த அண்ணரைப் பார்க்கவும் கடிதம் வேண்டும். மகளின் பேருந்து எனக்கு இன்றும் அதிசயம்தான்.

அவள் தன்னை ஐரோப்பாக்காரி என்பாள். "ஜேர்மன்காரி எண்டு சொன்னா, அப்ப அம்மா அப்பா எவ்விடம் எண்டு உடன கேப்பினம். ஐரோப்பா எண்டா ஒருத்தரும் பூட்டனைத் தேடிப் போறேல்லை, அப்பா."

அவள் பிறந்தது இந்த ஊரில். ஆனாலும் பத்தாம் வகுப்பில் ஓர் ஆசிரியர், "எவ்வளவு நன்றாக ஜேர்மன் கதைக்கிறாய்" என்று பாராட்டினார். அன்று பின்னேரம் அவள் சாப்பிடவில்லை.

மகன் வேறு மாதிரி. 2024 யூன் 9, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். ஜேர்மனியில் பதினாறு வயதுக்காரரும் அந்தத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்றானது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அப்போது சரியாகப் பதினாறு. குடியேறியவர்களை எதிர்த்துப் பிரசாரம் செய்த ஏஎஃப்டி கட்சி 15.9 வீதத்துடன் இரண்டாமிடத்துக்கு வந்தது. அன்றிரவு எங்கள் குசினியில் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை, முழுவதும் ஜேர்மன் மொழியில். ஜேர்மன் என்ற சொல்லை நாங்களே கைவிட்டால் அது அவர்களுடைய சொத்தாகிவிடும், நான் விடமாட்டேன் என்று கத்தினான். அந்தக் கிழமை தொடங்கிய ஐரோப்பியக் கிண்ணத்துக்கு தேசிய அணியின் சட்டையைத் தோய்த்து உலரப்போட்டிருந்தான்.

நான் மகன் பக்கம். ஐரோப்பியக் குடியுரிமை என்பதைப் பிறப்பித்த ஒப்பந்தம் 1992இல் கையெழுத்தானது மகள் படிக்கும் அதே மாஸ்ட்ரிக்டில்தான். ஆனால் அந்த உரிமை தனியே கிடைப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் குடியுரிமையோடு ஒட்டிக்கொண்டு வருவது. என் பிள்ளைகளுக்கு அது, 2000ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தால், பிறப்போடு கிடைத்தது. பெற்றோரில் ஒருவராவது எட்டு ஆண்டுகள் சட்டப்படி இங்கே வசித்து, நிரந்தர வதிவிட உரிமையும் பெற்றிருந்தால் போதும் என்றது அந்தச் சட்டம். அதற்கு முன் வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளையும் வெளிநாட்டுப் பிள்ளைதான்.

லண்டனில் இருக்கும் மச்சாளின் மகளும் ஐரோப்பா என்று உயிரை விட்டவள். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்ற 2016 வாக்கெடுப்பின்போது அவளுக்கு வாக்களிக்கும் வயது வரவில்லை. 2020 சனவரி 31 நள்ளிரவோடு, அவளைக் கேட்காமலே அந்த உரிமை போய்விட்டது. மாஸ்ட்ரிக்டில் படிக்க அவளுக்கும் ஆசை இருந்தது. இப்போது வெளிநாட்டு மாணவர் கட்டணம், விசா என்று கணக்குப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். இதைத்தான் மகளுக்குச் சொன்னேன்: ஜேர்மனியை நீ விட்டால் ஐரோப்பாவும் உன்னிடம் நிற்காது, பிள்ளை.

அவள் மறுத்துப் பேசவில்லை. ஏற்றுக்கொண்டாள் என்றும் சொல்லமாட்டேன்.

2024 செப்டெம்பர் 16இலிருந்து ஜேர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையைத் தொடங்கியது. அதே பேருந்தில் போகும் அவளுடைய ஜேர்மன் தோழி பல நாட்கள் அடையாள அட்டையை மேசையில் மறந்துவிட்டு வருகிறாளாம். மகள் மறப்பதில்லை. இதுவரை அவளிடம் ஒருவரும் கேட்டதுமில்லை. ஆனாலும் காலையில் சப்பாத்துப் போடுமுன் பையின் சிப்பைத் திறந்து, அட்டை இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறாள். பள்ளிக்கூடம் போக நிற்கும் தம்பி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான், ஒன்றும் சொல்லமாட்டான்.