எஞ்சின் ஒன்றுதான், உட்காரும் விதம்தான் வேறு

காலை நிகழ்ச்சி செய்யும் வானொலி அறிவிப்பாளருக்கு ஊர் எழும் முன்பே எழுந்தாக வேண்டும். ஆறு மணிக்கு உற்சாகமாக வணக்கம் சொல்ல, நான் நாலரைக்கே கிள்ளானிலிருந்து கிளம்புவேன். கோலாலம்பூர் வரை மோட்டார் சைக்கிள்தான். பல ஆண்டுகள் ஒரு கப்சாய் என்னைச் சுமந்தது. பி ஃபுல் உரிமம் கையில் கிடைத்ததும் பெரிய வண்டி வாங்க நினைத்தேன். ஸ்போர்ட் வண்டியா, குரூசரா? இந்தக் கேள்வியிலேயே மூன்று மாதம் ஓடிவிட்டது.

என் பட்டியலில் கடைசியாக நின்றவை இரண்டும் ஹோண்டா: சிபிஆர்500ஆர், ரெபெல் 500. இரண்டிலும் இருப்பது 471 சிசி, இரட்டை சிலிண்டர் கொண்ட ஒரே வகை எஞ்சின். எடையும் ஏறக்குறைய 190 கிலோதான். ஆனால், சிபிஆரின் இருக்கை தரையிலிருந்து 785 மில்லிமீட்டர் உயரம், ரெபெலில் 690. சிபிஆர் தொட்டியில் 17 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். ரெபெலில் 11 லிட்டர்தான்.

மனம் சாய்ந்தது சிபிஆர் பக்கம். கல்லூரியில் ஊடகத்துறை படித்த நாட்களிலிருந்தே அப்படி ஒரு வண்டியில் உலு யாம் வளைவுகளில் சாய்ந்து போகும் ஆசை எனக்கு உண்டு. உறவினர்களுக்கோ ஸ்போர்ட் வண்டி என்றாலே மாட் ரெம்பிட். “குரூசர் வாங்கும்மா, அதுதான் பாதுகாப்பு” என்றார் பெரியப்பா. ரெம்பிட் பையன்கள் பெரும்பாலும் ஓட்டுவது நான் ஓட்டிய அதே கப்சாய் வகைதான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

‘குரூசர் என்றால் பாதுகாப்பு’ என்பதும் முழு உண்மையல்ல. குரூசர் வளைவில் அதிகம் சாயாது. கால் வைக்கும் கம்பி சீக்கிரமே தரையை உரசிவிடும். நிமிர்ந்து உட்கார்வதால் 110 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக நெஞ்சில் மோதும். அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். பள்ளத்தில் இறங்கினால் அதிர்வு இடுப்புக்கே வரும். ஸ்போர்ட் வண்டியில் கண்ணாடித் தடுப்பும் குனிந்த உடம்பும் காற்றை மேலே தள்ளிவிடும். நெடுஞ்சாலைக்கும் மலைப்பாதைக்கும் அதுவே பொருத்தம். ஆனால், மெதுவாகப் போகும்போது உடல் எடை மணிக்கட்டில் இறங்கும். நெரிசலில் கிளட்சைப் பிடித்து விட்டுக்கொண்டே போனால் கை மரத்துவிடும்.

அப்படியானால் கேள்வி வண்டியைப் பற்றியதல்ல, என் சாலையைப் பற்றியது. நான் தினமும் போவது கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில். 1970-களில் போடத் தொடங்கிய பாதை அது. குறுகலான வளைவுகள், சுரங்கப் பாதைகள், மழை பெய்தால் தேங்கும் நீர், மேம்பாலத்தின் கீழ் ஒதுங்கி நிற்கும் கூட்டம். அங்கே வேகம் உதவாது. திடீரென்று நிறுத்தவும், கால் ஊன்றவும், மறுபடி கிளப்பவும் தெரிந்தால் போதும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் அம்மா. சிசி, குதிரைத் திறன் எதுவும் அவருக்குத் தெரியாது. “எதுல உன் ரெண்டு காலும் தரையில நல்லா பதியும்?” என்று மட்டும் கேட்டார். காப்பார் பக்கத் தோட்டத்தில், அப்பாவின் ஹோண்டா சி70-இல் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து எத்தனையோ மழைநாள் செம்மண் பாதையில் போனவர் அவர். அப்பா இரண்டு காலையும் சேற்றில் ஊன்றிக்கொண்டு வண்டியை நிறுத்துவாராம். “அப்போ எனக்குப் பயமே வராது” என்றார்.

என் உயரம் 157 சென்டிமீட்டர். கடையில் சிபிஆரில் ஏறி உட்கார்ந்தபோது நுனிக்கால்தான் தரையைத் தொட்டது. ரெபெலில் இரண்டு பாதமும் முழுதாகப் பதிந்தன. உயரமான ஒருவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக வரலாம். அவருக்கு ரெபெலில் முழங்கால் மடங்கி இடிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். போக்குவரத்துச் செய்தியில் “மோட்டார் சைக்கிள் சம்பந்தப்பட்ட விபத்து” என்று பல காலை நானே வாசிக்கிறேன். வீட்டில் அம்மா வானொலியைத் திறந்து வைத்திருப்பது நிகழ்ச்சி கேட்க மட்டுமல்ல, நான் போய்ச் சேர்ந்துவிட்டேனா என்று தெரிந்துகொள்ளவும்தான். என் குரல் வந்தபிறகுதான் அவர் அடுப்பைப் பற்ற வைப்பார்.

ரெபெலையே வாங்கினேன். உலு யாம் வளைவில் சிபிஆர் ஒன்று என்னைக் கடந்து போனால் இன்றும் கண் அதன் பின்னாலேயே போகிறது. மூன்று நாளுக்கொரு முறை பெட்ரோல் நிலையத்தில் நிற்கவும் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த வளைவுகளுக்கு நான் போவது மாதத்தில் ஒரு ஞாயிறு. கூட்டரசு நெடுஞ்சாலைக்கு வாரத்தில் ஐந்து நாள்.

நீங்களும் வண்டி பார்க்கிறீர்கள் என்றால், கடைக்குப் போய் காலணியோடு ஏறி உட்காருங்கள். பத்து நிமிடம் அப்படியே இருங்கள். தினமும் போகும் பாதையை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். மணிக்கட்டும் இடுப்பும் பாதமும் சொல்வதைக் கேட்டுவிட்டு, அதன்பிறகு நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.