மங்குஸ்தான் கூடை

ஆனிச் சாரலில் ஒரு நாள் என் ராத்தாவைப் பழைய குற்றாலத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். திரும்பும் வழியில் மங்குஸ்தான் கூடை ஒன்றன் அருகே நின்றவர், “வாங்கட்டுமா தம்பி?” என்று என்னைக் கேட்டார். சுருக்குப்பையில் இருந்தது அவருடைய பணம். தென்காசியில் நாற்பதாண்டு பீடி சுற்றிச் சேர்த்தது. அவ்வினா என்னை உறுத்திற்று.

இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, ஆயிரம் சேர்ந்தால் கூலி. இலையை நிறுத்துக் கொடுப்பது கடைக்காரர். குறைந்தால் கைக்காசில் வாங்கி ஈடுசெய்வது இவர். எது கழிவு என்று தீர்ப்பதும் கடைக்காரரே. கூலி வாப்பாவின் கைக்குப் போகும். மதரஸாவில் எனக்குக் கிதாபுகள் வாங்கியது அதில்தான். அது யார் காசு என்று நான் கேட்டதில்லை.

வருங்கால வைப்பு நிதி வந்தபோது, அதை மூத்த மகனின் கடையில் போடுவதென நாங்கள் ஆண்கள் கூடி முடிவு செய்தோம். விண்ணப்பம் எழுதியது என் கை. “எல்லாம் நஸீபு. நீங்க பாத்துச் செய்யுங்க” என்றார் ராத்தா. அதைத் தவக்குல் என்று மெச்சினேன். என் பிழை அதுவே. ஒட்டகையைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்பைச் சாட்டுமாறு நாயகம் (ஸல்) பணித்தார்கள். கயிற்றையே கையில் கொடாமல் ஒருவரின் தவக்குலை எங்ஙனம் அளப்பது?

அமெரிக்க உளவியலறிஞர் ஜூலியன் ராட்டர், விளைவுகள் தம் செயலால் வருவன என நம்புவோரையும், ஊழாலும் பிறர் வலிமையாலும் வருவன என நம்புவோரையும் 1966ஆம் ஆண்டின் ஆய்வொன்றில் வேறுபடுத்திக் காட்டினார். நம் நாட்டில் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பிறந்ததும் அவ்வாண்டே. ஆனால் இலையின் எடை, கழிவு, கூலி மூன்றும் பிறர் கையில் இருக்க நாற்பதாண்டு வாழ்ந்தவர் வேறு எதை நம்பக் கற்றிருப்பார்? ஈமானின் குறையன்று அது; பழக்கம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியதும், வங்கி அட்டையை மகனிடமே கொடுத்தார்.

பெண்டிர் ஈட்டியதில் அவர்களுக்குரிய பங்கைத் திருமறையின் நான்காம் அத்தியாயம், 32ஆம் வசனம் வகுத்துரைக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி), கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் தாம் செலவிடுவது தருமமாகுமா என்று வினவினார். இரு நற்கூலி உண்டு என்ற விடை வந்தது. அவர் கேட்டது, தம் பொருளுக்கு உரியவராக நின்று. இந்த ஹதீதைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன், ராத்தாவை நினைத்ததில்லை.

ராத்தாவின் மகள் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். அவளும் நஸீபு என்பாள்தான்; ஆயினும் சீட்டு அவள் பெயரில், ரசீது அவள் பெட்டியில்.

அன்று, “உங்கள் காசு, உங்கள் இஷ்டம்” என்றேன். நெடுநேரம் தயங்கி, ஆறு பழம் வாங்கினார். நான்கை மகன் வீட்டிற்கென முடிந்துகொண்டார். மறுநாள் கடைக்குப் போய், ராத்தாவின் பணத்திற்குக் கணக்கு எழுதித் தருமாறு மருமகனிடம் கேட்டேன். சீசன் முடியட்டும் மாமா என்றான். ஆடியும் கழிந்துவிட்டது.