பக்கத்துக் கல் பிழைக்க வேண்டும்

புதுச்சேரி கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகை வீடுகள் நிறைய. குடி மாறும்போதெல்லாம் ஏதாவது பழுது வேலை வரும். அப்படியொரு வீட்டின் குளியலறையில், குழாய் வேலை நடந்தபோது ஒரு டைல்ஸ் விரிசல் விட்டிருந்தது. அதை மட்டும் எடுக்க வேண்டும். சுற்றியுள்ள எதிலும் கீறல் விழக்கூடாது. நம் ஊர்க் கடைகளுக்குப் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்துதான் டைல்ஸ் வருகிறது. டிசைன்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பழையது திரும்பக் கிடைப்பது அரிது. வீட்டுக்காரம்மாவிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கல்.

மேஸ்திரி உடனே உளியைத் தொடவில்லை. சுத்தியல் பிடியால் சுற்றியுள்ள கற்களை மூலை மூலையாகத் தட்டிப் பார்த்தார். சில இடங்களில் 'டக்' என்று கெட்டியாகவும், சில இடங்களில் 'டொப்' என்றும் கேட்டது. கலவையை நடுவில் மட்டும் வைத்து ஒட்டினால் மூலைகளில் வெற்றிடம் நின்றுவிடும். சின்ன அதிர்வுக்கே அங்கே விரிசல் விடும். அந்த மூலைகளிலெல்லாம் பென்சிலால் குறி போட்டார்.

அடுத்தது ஜாயிண்ட். அகலம் 2 மி.மீ. இருந்தாலே அதிகம். கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும்; கை கொஞ்சம் நழுவினாலும் பக்கத்துக் கல் போய்விடும். அதனால் துணி சுற்றிய ஆக்ஸா பிளேடு துண்டால் நான்கு பக்கமும் கிரௌட்டைச் சுரண்டி எடுத்தார். "இதுதான் சார் முக்கால்வாசி வேலை. ஜாயிண்ட்ல சிமெண்ட் இருந்தா அடி அப்படியே அடுத்த கல்லுக்குப் போயிடும்" என்றார்.

பிறகு கல்லின் நடுவே டிரில்லைச் சுத்தியல் அடி இல்லாமல், சுழலவிட்டு மட்டும் துளைகள் போட்டார். அங்கிருந்து உளியைப் படுத்தவாக்கில் பிடித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சில்லு சில்லாகப் பெயர்த்தார். நேராக அடித்தால் உள்ளே போகும் குழாயும் உடையலாம். ஓரத்தில் விரலகலம் மிஞ்சியதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். உளி முனையை அடியில் கொடுத்து, காலியான நடுப்பக்கம் பார்த்து நெம்பினார். பக்கத்துக் கல்மேல் உளியைச் சாய்க்கவே இல்லை. கடைசித் துண்டு வந்தபோது சுற்றியிருந்த விளிம்புகளில் ஒரு பொடி கூட உதிரவில்லை. பழைய கலவையையும் சுரண்டி ஆழப்படுத்தினார். இல்லாவிட்டால் புதுக் கல் சுவரைவிடத் துருத்தி நிற்கும்.

தூசி பறக்காமலிருக்கக் கூட இருந்த பையன் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தான். அந்தத் தூசியில் சிலிக்கா உண்டு. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பளபளப்புப் பூச்சின் சில்லோ கண்ணாடியைப் போல வெட்டும். இருவரிடமும் முகக்கவசமும் இல்லை, பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லை.

டைல்ஸ் ஒட்ட சதுர அடிக் கணக்கில் கூலி பேசுகிறோம். ஒரே கல்லை எடுக்கும் வேலைக்கு அந்தக் கணக்கு அநியாயம். பரப்பு சின்னதுதான், ஆனால் அரைநாள் முழுக்கக் காதும் கையும் கூர்மையாக இருக்க வேண்டும். ஒரு சுவரையே காப்பாற்றிக் கொடுப்பவருக்கு நாள் கூலியே நியாயம். முகக்கவசமும் கண்ணாடியும் வாங்கிக் கொடுப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. வீடு கட்டுபவர்கள் ஒரு பெட்டி டைல்ஸை எடுத்து வைத்துவிட்டால், மேஸ்திரியின் பாரம் பாதி குறையும்.