பால்கனியில் குடலை இட்லி

காஞ்சிபுரம் ஓரிக்கைப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டாம் மாடி வீட்டின் பால்கனி மூன்றரை அடி அகலம், ஒன்பது அடி நீளம் இருக்கும். ஒரு மூலையில் துளசித் தொட்டி, எதிர் மூலையில் வாஷிங் மெஷின். நடுவில் ஒரு கடப்பாக் கல், அதன்மேல் இரண்டு செங்கல், செங்கல்மேல் இரும்புக் குமுட்டி அடுப்பு. குடலை இட்லி செய்வதைப் பார்க்க விடிந்தும் விடியாததுமாக நான் போய் நின்றபோது அடுப்பில் நெருப்பே இல்லை. "வாங்க தம்பி, கரி உள்ள பழுத்துக்கிட்டு இருக்கு" என்றார் அந்த வீட்டு அம்மா.

உள்ளே என்றால் சமையலறையில், கேஸ் அடுப்பின்மேல். சாம்பிராணி போடுவதற்குக் கரி பழுக்க வைப்போமே, அதே முறை. கம்பி வலை ஒன்றில் ஏழெட்டுக் கரித்துண்டுகள் சிவந்துகொண்டிருந்தன. ஜன்னல் திறந்திருந்தது. கரி சிவந்ததும் இடுக்கியால் ஒவ்வொன்றாக இரும்புச் சட்டியில் எடுத்துவந்து குமுட்டியில் போட்டு, மேலே புதுக் கரியை அடுக்கினார். பனையோலை விசிறியால் நாலு வீசு. பொறி பறந்ததே தவிர, புகை என்று சொல்லும்படி எதுவும் எழவில்லை. கரி அடுப்பில் புகைவது பெரும்பாலும் பற்றவைக்கும் நேரத்தில்தான். தேங்காய் நார், காகிதம், மண்ணெண்ணெய் என்று ஆரம்பித்தால் கால் மணி நேரம் தெருவே இருமும். அந்தக் கால் மணி நேரத்தை இவர் பால்கனிக்குக் கொண்டுவருவதே இல்லை.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்டேன். கழுத்தை நிமிர்த்தி மேலே காட்டினார். மூன்றாம் மாடியில் இருப்பவர் பட்டுப் புடவைக்குக் குஞ்சம் முடிபவர். கடையிலிருந்து புடவைகள் வரும். முந்தானை நூலைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். காலை வெளிச்சத்தில் பால்கனியில் உட்கார்ந்துதான் அந்த வேலை. மற்ற ஊர்களில் கீழ்வீட்டுப் புகை என்றால் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் அது பிழைப்பில் கை வைக்கிற விஷயம். பல ஆயிரம் ரூபாய்ப் புடவையில் கரித்தூள் ஒன்று விழுந்தால் யார் பதில் சொல்வது?

இந்த அம்மா பிறந்த வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா தறிக்காரர். "எங்க வீட்ல தறி முன்னால கூடத்துல, அடுப்பு பின்னால கொல்லையில. நடுவுல முற்றம். புகை பட்டுப் பக்கம் வரவே வராது தம்பி." அந்தக் காலத்து நெசவாளர் தெருக்களில் நடந்து பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு தெரியும். தெரு முழுக்கப் பாவு நீட்டுவதற்கு, கூடம் தறிக்கு, நெருப்புக்குக் கடைசி இடம். அங்கே முன்னும் பின்னுமாக இருந்தது அடுக்குமாடியில் மேலும் கீழுமாக ஆகிவிட்டது. புகைக்கோ மேலே போகத்தான் தெரியும்.

குமுட்டி பால்கனிக்கு வந்தது 2019-இல். அத்திவரதர் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்து 48 நாள் தரிசனம் கொடுத்த சமயம். நாற்பது வருடத்துக்கு ஒருமுறை நடப்பது என்பதால், ஊரில் சொந்தக்காரர் இல்லாதவர்களுக்குக்கூடத் திடீரென்று சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். இவர் வீட்டிலும் கூட்டம். சிலிண்டர் தீர்ந்துபோனது, பரணில் கிடந்த அம்மா வீட்டுக் குமுட்டியை இறக்கினார். அன்றைக்கு அதில் செய்தது வெறும் உப்புமா. குடலை இட்லி யோசனை அப்புறம் வந்ததாம்.

குடலை இட்லியைச் சரியாகப் பார்த்துவிடலாம் என்று முந்தின நாள் மாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தேன். மடைப்பள்ளிக்குள் நம்மை விடமாட்டார்கள். பிரசாத ஸ்டாலில் துண்டுதான் கிடைக்கும். மூங்கிலால் முடைந்த நீளமான குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிலும் வைத்து, மாவை ஊற்றி, விறகடுப்பில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைக்கிறார்கள். பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். மிளகாய் கிடையாது. மல்லிகைப்பூ இட்லிக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாய் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கனமானது, சொரசொரப்பானது, கொஞ்சம் புளிப்பு. மூன்றாவது வாயில் சுக்கும் இலை வாசமும் மேலே வரும்போதுதான் இது வேறு வகை என்று புரியும். (ஓட்டல்களில் முந்திரியும் கேரட் துருவலும் போட்டு டம்ளரில் வேகவைத்து 'காஞ்சிபுரம் இட்லி' என்று கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. பெயரைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.)

பால்கனிக்குத் திரும்புவோம். இந்த அம்மாவின் குடலை கோயில் குடலையில் பாதிகூட இல்லை. ஒரு சாண் உயரம், கைக்குள் அடங்கும் சுற்றளவு. மூங்கில் கூடை முடைபவரிடம் சொல்லி வாங்கியது. காய்ந்த மந்தாரை இலைகளைத் தண்ணீரில் ஊறவைத்து மெத்தென்று ஆனதும் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி உள்ளே சுற்றினார். பச்சரிசியும் உளுந்தும் சமபங்கு. ரவை பதத்துக்குக் கொரகொரப்பாக அரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்ட மாவு. ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, சீரகம், சுக்குப்பொடி, பெருங்காயம், உருக்கிய நெய், கூடவே கொஞ்சம் நல்லெண்ணெய். குடலையில் முக்கால் அளவுதான் ஊற்றினார். மேலே எழும்ப இடம் வேண்டும். பானையின் அடியில் தண்ணீர், ஒரு மணை, மணைமேல் குடலை, மூடி, மூடிமேல் ஈரத்துணி.

இந்தச் சமையல் பால்கனிக்குப் பொருந்திப் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தண்ணீர் கொதித்துவிட்டால் ஆவியின் சூடு நூறு டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் இட்லி சீக்கிரம் வேகாது. தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். வெளியிலிருந்து நடுப்பகுதி வரைக்கும் சூடு போய்ச் சேர எடுக்கும் நேரம்தான் சமையல் நேரம். அந்த நேரமும் தடிமனுக்கு ஏற்ப நேராகக் கூடுவதில்லை: தடிமன் இரண்டு மடங்கு ஆனால் நேரம் ஏறக்குறைய நாலு மடங்கு. சாதாரண இட்லி பத்து நிமிடத்தில் வெந்துவிட, கோயில் குடலை மூன்று மணி நேரம் கேட்பதன் ரகசியம் இதுதான். ஆக, வேண்டியது பெரிய நெருப்பு இல்லை, அணையாத நெருப்பு. கரி அதைத்தான் கொடுக்கும். குமுட்டியின் அடிவாயை ஓர் ஓட்டுத் துண்டால் பாதி மூடிவிட்டு, அம்மா காபி போடப் போய்விட்டார்.

ஜப்பானில் இதே வேலையைச் செய்யும் சிறிய அடுப்பு ஒன்று உண்டு. சிச்சிரின் என்று பெயர். நோட்டோ தீபகற்பத்தில் கிடைக்கும் ஒருவகை இலேசான மண்ணைக் குடைந்து செய்கிறார்கள். உள்ளே கனல் இருந்தாலும் வெளிப்புறம் அவ்வளவாகச் சுடாது. நம் இரும்புக் குமுட்டி அப்படி இல்லை, தொட்டால் தோல் போகும். அதற்காகத்தான் கடப்பாக் கல்லும் செங்கல்லும். நேராக டைல்ஸ்மேல் வைத்தால் டைல்ஸ் வெடிக்கும்.

காபி குடித்தபடியே பால்கனியைக் கண்ணால் அளந்தேன். முதலில் பட்டது புறா வலை. நைலான். அடுத்த வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் கீழிருந்து மேல்வரை கட்டியிருக்கிறார்கள். ஒரு பொறி போதும், உருகிச் சொட்டும். இவர் அடுப்பு இருக்கும் பக்கம் மட்டும் வலையைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார். துணிக்கொடியில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. ஒரு வாளியில் ஆற்று மணல். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி, பால்கனிக் கதவையும் சாத்தியிருந்தார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. விசாரித்தால், ஃபேன் ஓடினால் வீட்டுக் காற்றை அது வெளியே தள்ளும், அந்த இடத்தை நிரப்பப் பால்கனிக் காற்று உள்ளே வரும் என்றார். சரிதான். பழுத்த கரியில் புகை இல்லையே தவிர, கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மழை வந்துவிட்டது என்று கனலோடு குமுட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போவதைப்போல் ஆபத்து வேறில்லை. சிலர் பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்திருக்கிறார்கள். அது பால்கனி இல்லை, அறை. அங்கே கரியைப் பற்றியே பேசக்கூடாது.

அமெரிக்காவில் பல ஊர்களின் தீத்தடுப்பு விதிகள் அடுக்குமாடி பால்கனியில் கரி அடுப்பு எரிப்பதையே தடுக்கின்றன. கட்டடத்திலிருந்து பத்தடியாவது தள்ளி வைக்கச் சொல்கின்றன. அங்கே வீடுகளில் மரம் அதிகம். நம் கான்கிரீட் சுவர் பற்றி எரியாதுதான். ஆனால் புறா வலை, பிளாஸ்டிக் குழாய், ஏசி வயர், பழைய பேப்பர்க் கட்டு எல்லாம் எரியும். நம்மூர் பால்கனியில் இவையெல்லாம் இல்லாத இடம் எது?

பக்கத்துக் கட்டடத்தில் சில இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்பிக்யூ போடுவார்களாம். அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் கொஞ்சம் மாறியது. இதில் சாப்பாட்டுப் பழக்கத்துக்கு வேலையே இல்லை. கம்பிமேல் வைத்துச் சுடும்போது கொழுப்பும் எண்ணெயும் கனலில் சொட்டும். சொட்டுகிற ஒவ்வொரு துளியும் புகையாகும். பன்னீரைச் சுட்டாலும் அதே கதை. மூடிய பானையில் வேகும் பண்டத்திலிருந்து ஒரு துளிகூட நெருப்பில் விழுவதில்லை. என் கருத்தில், சுடுகிற சமையலுக்கு இடம் மொட்டை மாடி. குடியிருப்போர் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அங்கே போய்ச் சுடலாம். பொங்கலன்று இந்தக் குடியிருப்பிலும் அடுப்பு பால்கனியை விட்டு வெளியேதான். முதல் வருடம் ஆளாளுக்குப் பால்கனியில் பானை வைத்து, கரும்புச் சக்கையும் விறகும் புகைந்து சண்டை வந்ததாம். இப்போது எல்லாப் பானையும் கீழே கார் நிறுத்தும் இடத்துக்கு வெளியே, கிழக்கு பார்த்து ஒரே வரிசையில்.

பானை தளதளத்துக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு சாயப் பட்டறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த ஊரின் பெரிய வெளிச்சமையல் என்னைக் கேட்டால் அதுதான். சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் கச்சாப் பட்டைக் கொதிக்கவிட்டு, அதன் பசையை எடுக்கிறார்கள். எடையில் நாலில் ஒரு பங்குவரை அதில் கரைந்து போகும். பிறகுதான் பளபளப்பு வரும், சாயம் பிடிக்கும். நான் பார்த்த பட்டறையில் அண்டாவின் அடியில் விறகு. ஆனால் நூல் உலர்த்தும் கொடி காற்றுக்கு எதிர்ப்புறம், தூரமாக. பட்டையும் நெருப்பையும் ஒரே முற்றத்தில் வைத்துப் பிழைக்கத் தெரிந்த ஊர் இது.

திரும்பி வந்தபோது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. அம்மா ஈர்க்குச்சியை நடுவில் இறக்கி எடுத்தார், மாவு ஒட்டவில்லை. குடலையைக் கவிழ்த்து இலையை உரித்தார். இலையின் நரம்புகள் இட்லிமேல் அப்படியே பதிந்திருந்தன. நூலைச் சுற்றி இழுத்து வில்லை போட்டார். முதல் இரண்டு வில்லை தட்டில் போய் மேல்வீட்டுக்கு ஏறியது. எனக்கு மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். கோயில் துண்டைவிட மெத்தென்று இருந்தது. அந்த அளவு சுக்குக் காரம் இல்லை. நல்ல இட்லி.

கரியில் செய்ததால் ருசி கூடியதா? இல்லை. மூடிய பானைக்குள் கரி வாசம் போக வழியில்லை. ருசி கொடுத்தவை இலையும் மூங்கிலும் கொரகொரப்பு மாவும் நேரமும்தான். இதே குடலையைக் கேஸில் வைத்தாலும் இதே இட்லிதான் வரும். அப்படியானால் பால்கனி எதற்கு என்று அம்மாவையே கேட்டேன். "சித்திரை வெயில்ல ஒன்றரை மணி நேரம் உள்ள ஆவி கட்டிப் பாருங்க தம்பி, அப்ப தெரியும்" என்றார். எனக்கு அந்தப் பதில் போதும்.

மிச்சக் கனலை இடுக்கியால் எடுத்து ஒரு மண்பானையில் போட்டு மூடிவைத்தார். காற்று இல்லாமல் அணைந்த கரி அடுத்த தடவை சீக்கிரம் பிடிக்கும். சாம்பலை அன்று முழுக்கத் தொடுவதில்லை. அடியில் கனல் மணிக்கணக்காக உயிரோடு இருக்கும், குப்பைக் கூடையில் கொட்டினால் கூடை எரியும்.

உங்கள் வீட்டில் செய்து பார்க்க ஆசை வந்தால் புறா வலையைச் சுருட்டுங்கள், மணல் வாளி வையுங்கள், கண்ணாடி போட்ட பால்கனியாக இருந்தால் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கரி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் மாடி ஏறி மேல்வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் கொடியில் என்ன காய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.