துணி வாங்கப் போகிற சாக்கு

ஏப்ரல் பிற்பகுதியில் படூக்காவில் ஓட்டல் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், டென்னசி ஆறு ஓஹையோ ஆற்றோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். ஜனத்தொகை சுமார் 27,000. திருவிழா வாரத்தில் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். பெரும்பாலும் பெண்கள், அதிலும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். அவர்களை இழுத்து வருவது குயில்ட் என்ற ஒட்டுத்துணிப் போர்வை.

ஜெய்ப்பூர் ரஜாயையும் வங்காளத்துக் காந்தாவையும் பார்த்தவர்களுக்கு இது அந்நியமல்ல. மேலே துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த வேலைப்பாடு, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டினால் குயில்ட். காந்தாவுக்குப் பழைய புடவைகள் போதும். இன்றைய குயில்ட்டோ பெரும்பாலும் புதுப் பருத்தித் துணியைக் கேட்கிறது. பெரிய கட்டிலுக்கான போர்வை என்றால் அடித்துணிக்கு மட்டுமே ஏழெட்டு கஜம் வேண்டும்.

பில் ஷ்ரோடர், மெரிடித் ஷ்ரோடர் தம்பதி 1984ல் அமெரிக்கன் குயில்ட்டர்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே முதல் கண்காட்சி. வந்த கூட்டத்துக்கு ஓட்டல்கள் போதவில்லை. ஊர்க்காரர்கள் வீட்டு அறைகளைத் திறந்துவிட்டார்கள். வாடகைக்கு வந்தவர்களில் சிலர் ஆண்டுதோறும் அதே வீட்டுக்கு வந்து, காலப்போக்கில் குடும்பத்தில் ஒருவராகிவிடுவதும் உண்டு.

நிஜமான உறவுக்காரர்களுக்கு இந்த வாரம் இன்னும் வசதி. அக்காவைப் பார்க்க 300 மைல் போகிறேன் என்று சொல்லக் கூச்சப்படும் பெண், நூல் தீர்ந்துவிட்டது என்று தயங்காமல் சொல்லிவிடலாம். பகலில் நூற்றுக்கணக்கான கடைகள்: ஊசி, அங்குஸ்தான், உருளைக் கத்தி, கஜத்தில் கால் பங்கைச் சதுரவாக்கில் வெட்டி மடித்த 'ஃபேட் குவார்ட்டர்' துண்டுகள். ராத்திரி அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பேச்சு.

அந்த மேஜையில் பழைய கணக்குகளும் வெளியே வரும். 1930களின் பஞ்ச காலத்தில் மாவும் தீவனமும் வந்த பூப்போட்ட துணிச் சாக்குகளைப் பிரித்துச் சட்டையும் போர்வையும் தைத்தார்கள் அமெரிக்கக் கிராமத்துப் பெண்கள். பாட்டி பாதியில் விட்ட அத்தகைய துண்டுகள் பல வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கின்றன. இப்போது அதே பாணிப் பூக்களைப் புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். பழசையும் புதுசையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால்தான் நிறம் சேருமா என்று தெரியும். கம்ப்யூட்டர் திரை அதைச் சொல்லாது. நிறம் சேர்ந்த பிறகு எழுவது கஷ்டமான கேள்வி: போர்வை ஒன்று, பேத்திகள் மூன்று பேர். முடிந்ததும் அது யாருக்கு?

விருந்தாளிகளை மாலையில் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகிறார்கள். 1937ல் ஓஹையோ பெருகி ஊரை மூழ்கடித்தது. பிறகு எழுப்பிய வெள்ளத் தடுப்புச் சுவரில், 1996ல் ஆரம்பித்து, ஊரின் சரித்திரத்தைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். நடக்கிற தூரத்தில் 1991ல் திறந்த குயில்ட் மியூசியம். 2008ல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் தேசிய மியூசியமாக அங்கீகரித்தது.

படூக்காவுக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1952 முதல் யுரேனியம் செறிவூட்டிய ஆலை 2013ல் உற்பத்தியை நிறுத்தியது. பலர் வேலை இழந்தார்கள். அதே ஆண்டு யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில், கைவினைக்காக, படூக்காவைச் சேர்த்தது. ஊசியும் நூலும் ஆலைச் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனால் ஊரின் பெயரை வெளியுலகம் மறக்காமல் அவை பார்த்துக்கொண்டன.

2020 ஏப்ரலில் கோவிட் காரணமாகத் திருவிழா நடக்கவில்லை. குயில்ட் தைக்கிறவர்கள் மிச்சத் துணியில் முகக் கவசம் தைத்தார்கள். 1943ல் ஓஹையோ மாநிலத்தில் தொடங்கி நாடெங்கும் சுமார் 800 கிளைகள் வைத்திருந்த ஜோஆன் துணிக்கடை, 2025 மே மாதத்தோடு அத்தனையையும் மூடிவிட்டது. பக்கத்துத் தெருவில் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கிய பலருக்கு இனி தபால் பார்சல்தான் கதி. பார்சலில் துணி வரும், ஆனால் அக்காவைப் பார்க்கப் போவதற்கான சாக்கு வராது. அதனால்தான் படூக்கா பயணம் முன்பைவிட முக்கியமாகியிருக்கிறது.

போக விரும்புகிறவர்கள் நாஷ்வில் நகரிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். அறையைப் பல மாதங்கள் முன்பே பதிவு செய்வது நல்லது. ஊரில் உறவுக்காரர் இருந்தால் அந்தக் கவலை இல்லை. என்ன, அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒரு போர்வை எதிர்பார்ப்பார்கள்.