உறுதிப்பெட்டி

யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடிப் போகிறவருக்கு முதலில் கையில் அகப்படுவது காணி உறுதி. குடும்பப் பெயர் என்று ஒன்று அங்கே வழக்கத்தில் இல்லை. தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. அடுத்த தலைமுறையில் அது புரண்டுவிடும். வேலுப்பிள்ளை கந்தையாவின் மகன் கந்தையா வேலுப்பிள்ளை. அவர் மகன் மறுபடி வேலுப்பிள்ளை கந்தையா. பாட்டனையும் பேரன் என்பார்கள், மகன் பிள்ளையையும் பேரன் என்பார்கள். பெயரும் அப்படியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நாலு தலைமுறை மேலே ஏற முடியாது. காணியைப் பிடித்தால் ஏறலாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு, அது ஆட்களோடு மாறுவதில்லை. கலட்டி, இலந்தையடி, வயற்கரை என்று முந்நூறு வருடத்துக்கு முன் யாரோ வைத்த பெயர் இன்றைய உறுதியிலும் அப்படியே நிற்கும்.

உறுதியின் நடை அநேகமாக ஒரே மாதிரி. மாவட்டம், பகுதி, கோயிற்பற்று, காணியின் பெயர், பரப்புக் கணக்கு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பிறகு கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்ற ஒழுங்கில் நாலு எல்லை. அதற்குப் பின், இதனுள் அடங்கிய வீடு, பயன்தரு மரங்கள், கிணற்றிற் பங்கு, வழி வாய்க்கால் பாத்தியம். கோயிற்பற்று என்ற சொல்லைச் சைவக் கோயிலோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. அது போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கத் தேவாலயப் பங்கு. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபின் தேவாலயத்தைச் சுற்றி ஊர்களைப் பிரித்து எழுதிய கணக்கு, 1658இல் ஒல்லாந்தர் வந்தும் மாறவில்லை, 1795இல் ஆங்கிலேயர் வந்தும் மாறவில்லை. தெல்லிப்பழைக் கோயிற்பற்று என்று நொத்தாரிசு இன்று தட்டச்சு அடிக்கும்போதும் அந்தப் பழைய பிரிப்புத்தான் எழுதப்படுகிறது.

எல்லையில் நிற்கிற பெயர்களைக் கவனித்து வாசிக்க வேண்டும். அவற்றில் நிறையப் பெயர் பெண்களுடையது. தாய்வழிக் காணி மகள்மாருக்குச் சீதனமாகப் போகும் ஊரில், ஒரு வளவு மூன்று சகோதரிகளுக்குப் பிரிந்தால் ஒருத்தியின் வடக்கெல்லை மற்றவளாக இருப்பாள். வம்சாவளி எழுதி வைக்காத குடும்பத்தில்கூட, ஐந்தாறு உறுதிகளைப் பாயில் விரித்து எல்லையோடு எல்லை பொருத்தினால், ஆண்கள் பெயரைச் சொல்லியே வளர்ந்த கதைக்குள் விடுபட்டுப்போன பெண்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் இடத்தில் நிற்பார்கள்.

1986இல் தெல்லிப்பழைப் பக்கமிருந்து வெளிக்கிட்டு, 2018இல் ரொறன்ரோவிலிருந்து திரும்பி வந்த ஒருவரின் கையில் அப்படி ஒரு கட்டு இருந்தது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு ஓடியபோது அவருடைய தாயார் தூக்கிக்கொண்டு போனது ஒரு தகரப்பெட்டி. 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலும் அது கூடவே தென்மராட்சிக்குப் போயிற்று. நகை ஒவ்வொன்றாகப் போன வருடங்களிலும் பெட்டிக்கு ஒன்றும் நேரவில்லை. உறுதி இல்லாதவன் ஊர் இல்லாதவன் என்று தாயார் சொல்லுவாராம். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. பத்து வருடம் தடையின்றி ஒரு காணியை ஆண்டவருக்கு ஆட்சியுரிமை உண்டு என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். போரால் வெளியேற நேர்ந்தவர்களின் காணியில் அந்தக் கணக்கு ஓடக்கூடாது என்ற விசேட ஏற்பாடு 2016இல்தான் வந்தது.

பெட்டியின் அடியில் கிடந்தவை தோம்புப் பிரதிகள். காணிக் கந்தோரில் ஒரு காணியின் கைமாற்றங்களை வரிசையாகப் பதிந்த ஏட்டை யாழ்ப்பாணத்தார் இன்றும் தோம்பு என்றுதான் சொல்கிறார்கள். உறுதி முடிக்கிறதற்கு முன் 'தோம்பு பார்த்தாச்சா?' என்று கேட்பார்கள். சொல் போர்த்துக்கேயருடையது. ஏட்டை விரிவாக்கியவர்கள் ஒல்லாந்தர். காணித் தோம்பில் நிலமும், தலைத்தோம்பில் ஆட்களும் அவர்கள் செலுத்த வேண்டிய வரியும் ஊழியமும் சாதிவாரியாக எழுதப்பட்டன. பள்ளித்தோம்பில் ஞானஸ்நானமும் திருமணமும். அந்த ஏடுகளில் தன் குடும்பத்தைக் காணுகிற சைவக் குடும்பத்தவர் பலருக்கு ஒரு திடுக்கீடு காத்திருக்கும்: முன்னோரின் பெயருக்கு முன்னால் 'தொன்' என்ற பட்டமும், பெயரோடு ஒரு கிறிஸ்தவ நாமமும் ஒட்டியிருக்கும். அரசாங்க உத்தியோகத்துக்கும், பிள்ளைகள் சட்டப்படி உரித்தாளிகள் ஆவதற்கும் ஞானஸ்நானம் வேண்டியிருந்த காலம் அது. காணியைக் காக்க முழுக்கு எடுத்தவர்களும் உண்டு, மனதார எடுத்தவர்களும் உண்டு. ஏடு இரண்டையும் ஒரே மையில் எழுதி வைத்திருக்கிறது.

அடிமைகளைப் பற்றியும் அந்த ஏடுகள் பேசும். ஒல்லாந்த ஆளுநரின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டி 1707இல் தேசவழமை என்ற தொகுப்பாக்கினார். தமிழில் பெயர்த்து 12 முதலியார்களிடம் காட்டி ஒப்புதலும் பெறப்பட்டது. 1806இல் ஆங்கிலேயரும் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பிரிக்கும் அதே தொகுப்பில் ஆட்களைச் சொத்தாக வைத்திருப்பதற்கும் விதி உண்டு. சீதனத்தில் நகையோடும் நிலத்தோடும் மனிதர்களும் எழுதப்பட்டார்கள். இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல், அந்த ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால். முன்னோர் பெருமையைத் தேடி ஏட்டைத் திறப்பவர் இந்தப் பக்கத்தைத் தாண்டிக்கொண்டு போகக்கூடாது. எழுதப்பட்ட அந்த மனிதர்களுக்கும் வாரிசுகள் உண்டு. அவர்களிற் பலர் அதே ஊரில், அதே கோயிற்பற்றில், உறுதி இல்லாத நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள்.

அடுத்த இலக்கம், 1844ஆம் ஆண்டின் 21, மரணசாதனச் சட்டம். தேசவழமைப்படி யாருக்கு எது போகும் என்பது முன்னமே தீர்ந்த விஷயம். தகப்பனின் முதுசொம் ஆண்மக்களுக்கு, தாயின் சீதனம் பெண்மக்களுக்கு. சீதனம் வாங்கிப் போன மகள் அதற்குமேல் கேட்க முடியாது. தன் சொத்தைத் தான் விரும்பியவருக்கு எழுதி வைக்கும் சுதந்திரம் 1844இல் கைக்கு வந்தது. எழுதும் முறையை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். உறுதி எல்லை சொல்லும். ஒரு மனிதர் யாரை நினைத்துக் கவலைப்பட்டார் என்பதை மரணசாதனத்தில்தான் பார்க்கலாம்.

பெட்டியில் இருந்த மரணசாதனம் 1936இல் எழுதியது. எழுதியவர் வந்தவரின் பூட்டி, அதாவது பாட்டியின் தாய். புருஷன் மலாயாவில் றெயில்வே கிளாக்கர். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் முதல் றெயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீசோடு யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அங்கே போய்க்கொண்டே இருந்தார்கள். தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் 1816இலேயே கால் வைத்துவிட்டதால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீசு வாசலிலே கிடைத்தது. சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் உழைத்த காசு ஊரில் கல்வீடாகவும் தோட்டக் காணியாகவும் மாறியது. குடும்பக் கதை முழுக்க அந்த மலாயன் பென்சனியரைப் பற்றியது. வடக்கு வளவை விதவையான மச்சாளுக்கு இரக்கப்பட்டுக் கொடுத்தவரும் அவர்தான் என்று எல்லாரும் நம்பினார்கள்.

சாதனம் வேறு சொல்கிறது. நாலு பக்கம், முழுக்கத் தமிழ், கறுப்பு மை தவிட்டு நிறமாகிவிட்டது. தன் சீதனக் காணிகளைப் பூட்டி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுவிக்கிறார். இரண்டு துண்டு மகள்மாருக்கு. மூன்றாவது, வடக்கு வளவு, கிணற்றிற் பாதிப் பங்கோடு, 'என்னோடு சீவிக்கும் என் சகோதரிக்கு'. அந்த வரியின் நடுவில் மூன்று சொற்கள் ஒற்றைக் கோட்டால் வெட்டப்பட்டிருக்கின்றன. கோட்டின் கீழே எழுத்து தெளிவாகத் தெரிகிறது: 'சீவிய காலம் மட்டும்.' நொத்தாரிசு கடைசிப் பக்கத்தில் தன் அத்தாட்சியை எழுதும்போது, எந்தப் பக்கத்தில் எந்த வரியில் எந்தச் சொல் வெட்டப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். இங்கும் சொல்லியிருக்கிறார்: இரண்டாம் பக்கம், ஒன்பதாம் வரி, வாசித்து விளங்கப்படுத்திய பின், கைச்சாத்திடுவதற்கு முன் வெட்டப்பட்டது. அந்த மூன்று சொல் இருந்திருந்தால் விதவைத் தங்கைக்குச் சீவிய உருத்து மாத்திரம்; அவள் கண்ணை மூடியதும் வளவு திரும்பி வந்துவிடும். வாசிக்கக் கேட்ட பூட்டி அதை எடுக்கச் சொன்னார். தங்கை முழு உரித்தாளி ஆனாள்.

இதற்குப் புருஷனின் சம்மதம் தேவைப்படவில்லை என்பது சட்டத்திலேயே இருக்கிறது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாகச் சொத்து, உரித்துச் சட்டப்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை உயிரோடு இருக்கையில் விற்கவோ கொடுக்கவோ வேண்டுமானால் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். மரணசாதனத்தால் கொடுக்க அது வேண்டாம். தான் உழாத, ஆனால் தன் பெயரில் இருந்த நிலத்தைத் தன் மனப்படி கொடுக்க யாழ்ப்பாணப் பெண்ணுக்குச் சட்டம் விட்டுவைத்த வழி சாவுக்குப் பின் பேசுவது. அந்த வழியைத் தெரிந்து எடுத்திருக்கிறார் பூட்டி. சாதனத்தின் அடியில் அவருடைய கையெழுத்து இருக்கிறது, எழுத்துக் கூட்டிக் கூட்டி, கடைசி எழுத்து கொஞ்சம் கீழே இறங்கி.

மரணசாதனம் எழுதியவர் இறந்தபின் ஆவணம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். சாதன வழக்கு என்று அதற்கு இலக்கம் விழும். உரித்தாளிகள் எல்லாரும் எதிர்மனுதாரர்களாகப் பெயரிடப்படுவார்கள், வயது வராத பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் நியமிக்கப்படுவார், ஆட்சேபம் உள்ளவர்கள் வரும்படி வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் அறிவித்தல் போடப்படும். யாழ்ப்பாணத்தில் 1841 முதல் உதயதாரகையும் 1889 முதல் இந்து சாதனமும் வந்துகொண்டிருந்தன. நீதிமன்றக் கட்டுகள் போரில் சிதைந்த ஊரில், குறுகிய பத்தியில் அச்சான அந்த அறிவித்தல்கள் பெரிய கொடை. இறந்தவர் யார், மனைவி யார், பிள்ளைகள் எத்தனை, யார் ஊரில், யார் சிரம்பானில் என்பது முழுவதும் ஒரு விரற்கடை நீளத்துக்குள் இருக்கும். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபின், பழைய பத்திரிகைகளை ஒளிவருடிச் சேர்க்கும் வேலையை நூலக நிறுவனம் போன்ற அமைப்புகள் எடுத்துச் செய்வதால், ரொறன்ரோவில் இருந்தபடியே தாத்தாவின் அறிவித்தலைப் படிக்கிறவர்கள் இன்று இருக்கிறார்கள்.

நிலத்தைப் பார்க்க ஊருக்குத்தான் வர வேண்டும். காங்கேசன்துறை வரை றெயில் 2015 ஜனவரியில் மறுபடி ஓடத் தொடங்கியது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த காணிகள் துண்டு துண்டாக விடுபட்டன. விடுபட்ட இடத்தில் வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கையும் இல்லை. பூவரசும் கிளுவையும் நின்ற எல்லை முழுக்க ஆமணக்கும் நாயுருவியும். முப்பத்திரண்டு வருடத்துக்குப் பின் வந்தவர் தன் வீட்டு வாசல் எது என்று காட்ட முடியாமல் நின்றார். நில அளவையாளரின் சங்கிலிக்கும் பழைய வரைபடத்துக்கும் ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். அது கிணறு. கட்டு இடிந்து, துலாக்கால் போய், வாய்க்குள் பூவரசு முளைத்திருந்தாலும் கிணறு இடம் மாறாது. 1936ஆம் ஆண்டு வாக்கியத்தில் 'கிணற்றிற் பாதிப் பங்கு' என்று இருந்ததால் எல்லைக் கோடு கிணற்றின் நடுவால் போயிருக்க வேண்டும். அங்கிருந்து வடக்கே அளந்தபோது பற்றைக்குள் ஓர் அத்திவாரம் தட்டுப்பட்டது: இரண்டு அறையும் ஒரு திண்ணையும் கொண்ட சின்ன வீடு. விதவைத் தங்கையின் வீடு.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. வளவு அவளுக்குப் பின் சகோதரியின் மகள்மாருக்கு வந்து, அவர்கள் வழியே மூன்று நாட்டில் இருக்கும் பதினொரு பேருக்குப் பங்காகியிருந்தது. நாட்டிலேயே இருந்து, 1995 இடப்பெயர்வுக்குப் பின்னும் திரும்பி, முகாமிலிருந்து மறுபடி ஊருக்கு வந்து வாழும் ஒரு மச்சாள் இருக்கிறார். மற்றப் பத்துப் பேரும் அற்றோணித் தத்துவம் அனுப்பி, தங்கள் பங்கை அவர் பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்தார்கள். சீவிய காலம் மட்டும் என்ற நிபந்தனை ஏதும் போட வேண்டுமா என்று நொத்தாரிசு கேட்டார். வேண்டாம் என்றார் வந்தவர். காணிக்கு உரித்து வந்த வழியை உறுதி தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்பதால், பூட்டியின் பெயரும் தங்கையின் பெயரும் 1936 என்ற ஆண்டும் புதிய தாளின் முதற் பந்தியில் ஏறின. எல்லை எழுதும்போது கிழக்கு யாருடையது என்ற கேள்வி வந்தது. பழைய உறுதியில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அந்தக் குடும்பம் எந்த நாட்டில் என்று அயலில் எவருக்கும் தெரியவில்லை. நொத்தாரிசு அந்தப் பெயரை அப்படியே எழுதி, பக்கத்தில் 'உரித்தாளிகள்' என்று சேர்த்துக்கொண்டார்.